மாமனாரும் நானும் ஒரே ஊசியும்

1

நேற்று காலை என் கைபேசி, 'காருக்கு ஆயில் மாற்ற வேண்டும்' என்று நினைவூட்டியது. அந்தக் காரை விற்று ஆறு மாதமாகிறது. வாசல் பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்த நான் கொஞ்ச நேரம் விழித்தேன். பிறகு ஞாபகம் வந்து சிரித்தேன். போன வருஷம் இதே நாளில் எனக்கு எச்.ஐ.வி. பரிசோதனை. வீட்டில் யார் கண்ணிலும் படக் கூடாதென்று அதற்கு நான் வைத்த பெயர்தான் ஆயில். அவசரத்தில் 'ஆண்டுதோறும்' என்பதையும் தொட்டுத் தொலைத்திருக்கிறேன். ஆகவே இந்த எட்மன்டன் நகரத்தில் நான் உள்ளவரை ஒவ்வொரு ஜனவரியும் எனக்கு ஆயில் மாற்றப்படும்.

"தனியா என்ன சிரிப்பு?" என்று உள்ளிருந்து என் மனைவி வசந்தி கேட்டாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். இதே விஷயம் நடந்தபோது அவள் சிரிக்கவில்லை. பதினாலு வருஷக் குடித்தனம் ஓர் ஊசி முனையில் நின்றது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஊரில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் செல்வராஜ் என்று ஒருவர் வருவார். அது அவர் பெயரில்லை. கொரட்டூர் ஏரிப்பக்கம் காலையில் நடக்கிற கூட்டங்கள் ஏகப்பட்டவை, தேடிப் பயனில்லை. எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எய்து மாப்ள. கொஞ்சம் அயகா எய்து, அவ்ளோதான்" என்றார்.

2

நான் கரையான்சாவடிக்காரன். வேலை, மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது. கனடா வந்தும் அதே வேலைதான். பிழைகளுக்கு மட்டும் கூடுதல் டாலர். அந்தப் பரிசோதனைக்கு முந்தைய அக்டோபரில் மூன்று வாரம் தனியாக ஊருக்குப் போனேன். வசந்திக்கு லீவு கிடைக்கவில்லை. எட்டாவது படிக்கிற மகளுக்கோ தாத்தா வீட்டு வைஃபை ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டை அண்ணன் இடித்துக் கட்டிக்கொண்டிருந்ததால் கொரட்டூரில் மாமனார் வீட்டில் தங்கினேன்.

மாமனார் விழுப்புரம் பக்கத்துக்காரர். அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய்க்காரர். அவருக்காக ஒரு சுகர் மிஷின் வாங்கிப் போயிருந்தேன். விரலில் ஊசியால் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஐந்து விநாடியில் எண் வரும். அதே மிஷின் அம்பத்தூரில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் இது ஃபாரின் மிஷின், மாப்பிள்ளை வாங்கி வந்தது. மறுநாளே அதை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய், கூட நடக்கும் நண்பர்களை வரிசையாகச் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைத்துக் குத்த ஆரம்பித்துவிட்டார். இலவச மருத்துவ முகாம். பரிசோதனைத் தாளை ஒவ்வொருவருக்கும் புதிதாகப் போட்டார், ஏனென்றால் போடாவிட்டால் மிஷின் ஓடாது. ஊசியை மாற்றவில்லை, ஏனென்றால் மாற்றாவிட்டாலும் மிஷின் ஓடும். குத்தி முடித்ததும் வேட்டி நுனியில் ஒரு துடை. அவ்வளவுதான் சுத்திகரிப்பு.

நாலாம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தூறல், மற்றவர்கள் வரவில்லை. செல்வராஜ் மட்டும் வந்திருந்தார். பழைய கொரட்டூர்க் குடும்பம். அப்பா காலத்து வயல் இப்போது நாலு பிளாட்டுகளாக நிற்கிறது. டெம்போ ஓட்டி, டெம்போ வாங்கி, இப்போது சும்மா இருப்பவர். முந்தைய நாட்களில் ஏதோ சாக்குச் சொல்லித் தப்பியவர், மிஷினைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாணாம் சார். எனக்கு சுகரே கெடியாது."

"அத நீங்க சொல்லக் கூடாது, மிஷின் சொல்லணும்" என்றபடி மாமனார் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குத்தியே விட்டார். செல்வராஜ் கையை உதறிய உதறலில் ரத்தச் சொட்டு என் சட்டையில் விழப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை பெரிய உடம்புக்கு ஊசி பயமா என்று நினைத்தேன்.

அடுத்து என் முறை. செல்வராஜ், "மாப்ளைக்கு வாணாம் சார், வேற ஊசி போடு" என்று இரண்டு தடவை சொன்னார். ஊசி இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது என்றார் மாமனார். நான் விரலை நீட்டினேன்.

ஏன் நீட்டினேன்? வெளிநாட்டிலிருந்து வருகிறவன் ஊரில் செய்யக் கூடாத ஒரே குற்றம் சுத்தம் பார்ப்பது. 'ஃபாரின் போனதும் மாறிட்டான்' என்ற ஒரு வரிக்குப் பயந்து நாங்கள் செய்யாத வீரச்செயல் இல்லை. மூன்று வாரமும் நான் குடித்தது புட்டித் தண்ணீர். அதையும் யாரும் பார்க்காமல் எவர்சில்வர் சொம்பில் ஊற்றிவைத்துக் குடித்தேன். அப்படிப்பட்ட யோக்கியன், நான் மாறவே இல்லை என்று நிரூபிக்க, இன்னொருவர் ரத்தம் காயாத ஊசிக்கு விரலைக் கொடுத்தேன். எனக்குப் பிறகு மாமனார் தனக்கும் குத்திக்கொண்டார். விருந்தாளிகளுக்கு அப்புறம்தான் வீட்டுக்காரர் என்ற மரியாதை.

3

அன்று பத்து மணிக்கு செல்வராஜ் என்னைத் தேடி வந்தார். மேலே வரவில்லை. கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே வரச் சொன்னார். ஸ்கூட்டர்களுக்கு நடுவே நின்றுகொண்டு தரையைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன், கூவாத. எனக்கு எச்.ஐ.வி. கீது. ரொம்ப வர்சமா மாத்திரை போட்டுக்கினு கீறேன். ஒரு நாள் உட்டதில்ல. ரத்தத்துல இப்போ டெஸ்டுக்கே ஆப்டாத அளவுதான் கீதுன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா ஊசின்னு வந்தா அவங்களும் கேரண்டி குட்க்க மாட்டாங்க. எழுவத்திரண்டு மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும். எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. இன்னிக்கே போ."

நான் காலையில் குத்திய விரலைத் திருப்பிப் பார்த்தேன்.

"எப்டி வந்துச்சுன்னு கேக்காத. எல்லாரும் மொதல்ல அதான் கேக்கறாங்க. உங்க மாமனாரையும் இட்டுகினு போ. என் பேர மட்டும்..." என்று நிறுத்திக்கொண்டார்.

சொல்ல மாட்டேன் என்று தலையசைத்தேன். அவர் போன பிறகு, மேலே போய் மிஷின் பெட்டியை எடுத்துவந்து, ஒரு ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்து, அதற்குள்ளிருந்த துண்டுப் பிரசுரத்தை முதன்முதலாகப் படித்தேன். ஒருவருக்கு ஓர் ஊசி, குடும்பத்துக்குள்கூடப் பகிரக் கூடாது, ரத்தத்தின் மூலம் நோய் தொற்றும் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். சோதனை செய்பவன் கையேட்டைப் படித்ததாக எங்கள் தொழிலில் சரித்திரமே இல்லை.

4

மாமனாரிடம் பெயர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தத் தாளைக் காட்டினேன். நாலு நாளாக இத்தனை பேரைக் குத்திய ஊசி, யாருக்கு என்ன இருக்குமோ, அவர்களுக்கே தெரியாமல்கூட இருக்கலாம் என்றேன். மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். என் மாமியாரான அத்தைக்கும் வசந்திக்கும் தெரியக் கூடாது. அம்பத்தூர்ப் பக்கம் போகக் கூடாது, அங்கே அவரை எல்லாருக்கும் தெரியும்.

கொஞ்சம் தள்ளி ஓர் அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். புழுக்கத்தில் தலையில் மஃப்ளர் கட்டியிருந்ததால் வழியெல்லாம் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். வாசலிலேயே அவருடைய பழைய ஆபீஸ் நண்பர் எதிரே வந்து, என்ன இந்தப் பக்கம் என்றார். பல் வலி என்றார் மாமனார். நண்பரும் தனக்குப் பல் வலி என்றார். இருவரும் பல் பிரிவு இருக்கும் திசையையே பார்க்காமல் விடைபெற்றார்கள்.

பரிசோதனை நடக்கும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். ஆலோசகர் ஓர் அம்மா. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் தனித்தனியாகத்தான் பேசுவாராம். மாமனார் முதலில் போனார். இஸ்திரி போட்ட மாதிரி விறைப்பான முகத்தோடு வெளியே வந்தார்.

"என்ன மாமா கேட்டாங்க?"

"எல்லாத்தையும் கேட்டாங்க. வெளிய என் மாப்ள உக்காந்திருக்காரு, மெதுவா பேசுங்கம்மான்னு சொன்னேன்."

அரை மணியில் இருவருக்கும் முடிவு வந்தது. நெகட்டிவ். மாமனார் மஃப்ளரை அவிழ்த்து உதறிவிட்டு, "முடிஞ்சுது மாப்ள, வாங்க, ஜிலேபி வாங்கிட்டுப் போவோம்" என்று எழுந்தார். ஆலோசகர் அவரை உட்காரச் சொன்னார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கிருமி உள்ளே போனால் அன்றைக்கே பரிசோதனையில் தெரியாது. அது பெருகி, உடம்பு அதை எதிர்க்க ஆரம்பித்து, அந்த எதிர்ப்பு ரத்தத்தில் தென்பட வாரங்கள் ஆகும். இன்றைய நெகட்டிவ், இன்று காலை வரைக்கும் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதற்கான சான்றிதழ். இன்று காலையில் நடந்ததைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசாது. அதற்காக அது வீண் என்றும் இல்லை. பின்னால் ஒப்பிட இது வேண்டும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பிழை நுழைவதற்கு முந்தைய பதிப்பைச் சோதித்துவிட்டு, பிழையே இல்லை என்று கேக் வெட்டுவது. ஆபீஸில் இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

மருத்துவர் யோசித்துவிட்டு, ஆபத்து மிகக் குறைவுதான், ஆனாலும் தற்காப்புக்கு இருக்கட்டும் என்று இருபத்தெட்டு நாள் மாத்திரை எழுதினார். ஒரு வேளை தவறக் கூடாது. ஆறாவது வாரம் ஒரு பரிசோதனை. அதில் நெகட்டிவ் வந்தாலே பெரும்பாலும் கவலையில்லை. ஆனால் இந்த மாத்திரை போட்டவர்களுக்கு மூன்று மாதம் முடிந்து செய்வதுதான் கடைசிச் சொல். மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊசி விஷயத்தில் அவைதான் இன்னும் சுலபமாகத் தொற்றுமாம். அதுவரை ரத்த தானம் கூடாது, மனைவியோடு ஆணுறை கட்டாயம். ஒரே தட்டு, ஒரே டம்ளர், பக்கத்தில் உட்கார்வது இதிலெல்லாம் எந்தப் பயமும் இல்லை.

கடைசியில் ஆலோசகர் ஆளுக்கொரு ஆணுறைப் பொட்டலம் கொடுத்தார். மாமனார் அதை ஆட்டோ வரைக்கும் உள்ளங்கையில் மூடியே கொண்டுவந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு என் மடியில் வைத்தார்.

"நீங்களே வெச்சுக்குங்க மாப்ள."

ஏரிக்கரை நண்பர்களில் மற்ற நாலு பேரையும் அடுத்த வாரம் அவரே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார் என்பதை அவருடைய கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

5

எட்மன்டன் திரும்பினேன். ஜெட்லாக், தூக்கம் கெடும் என்று சொல்லிக் கீழ்த்தளத்தில் படுத்தேன். அந்தச் சாக்கு மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள், தன் அம்மா கொடுத்தனுப்பிய வத்தலைத் தேடி வசந்தி என் பெட்டியைக் கவிழ்த்தாள். வத்தல் வந்தது. கூடவே மாத்திரை டப்பா வந்தது. இரண்டு ஆணுறைப் பொட்டலங்களும் வந்தன. தனியாக மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்த புருஷனின் பெட்டி.

"இதெல்லாம் என்ன?"

பல வருஷமாகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் நான். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டது அன்றுதான். முதல் வாக்கியமாக எனக்கு வந்தது, "உங்கப்பா குடுத்தாரு."

பிறகு சுகர் மிஷின், ஏரிக்கரை, ஊசி என்று வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. இத்தனை பேரில் யாருக்கு இருக்கிறது என்று பயந்து மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டாள். அதைச் சொல்ல முடியாது என்றேன். அந்த இடத்தில் அவள் முகம் மூடிக்கொண்டது.

நேராக அப்பாவுக்கு வீடியோ அழைப்பு. மாமனார் பக்கத்தில் அத்தை உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வசந்தி மிஷினைப் பற்றிக் கேட்டாள். மாமனார் திரையில் என்னை ஒரு தரம் பார்த்தார், அத்தையை ஒரு தரம் பார்த்தார்.

"மிஷினா? எந்த மிஷின்மா?"

நான் அங்கேயே செத்தேன். மாமனாருக்கு மறுநாள். அத்தை சந்தேகப்பட்டு அவர் பீரோவைத் துழாவ, அதே மாத்திரை டப்பா அகப்பட்டது. அதன்பின் அவர் உண்மையைச் சொன்னார், நான் சொன்ன அதே கதையை, அதே வரிசையில். அதுதான் வினையாகிவிட்டது. எனக்குச் சாட்சி அவர், அவருக்குச் சாட்சி நான், இருவரும் ஒரே நாளில் பொய் சொல்லி ஆட்டோவில் போனவர்கள். தாயும் மகளும் போனில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சேர்ந்தே போயிருக்கிறார்கள். அறுபத்தெட்டு வயதில் மாமனார் ஹாலில் பாய் விரித்தார். நான் கீழ்த்தளத்தில் நிரந்தரக் குடியுரிமை பெற்றேன்.

இங்கே தொடர் சிகிச்சைக்குப் பதிய மருத்துவ நிலையத்துக்குப் போனேன். தாதி ரொம்ப அன்பானவர். எப்படி நேர்ந்தது என்று கேட்டார். ஊசியைப் பகிர்ந்துகொண்டோம் என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். எத்தனை பேர்? ஆறேழு பேர் இருக்கும். எங்கே? ஏரிக்கரையில், தினமும் காலையில். எல்லாரும் நண்பர்களா? ஆமாம், ஒருவர் என் மாமனார். தாதி என் கையை மெல்லத் தொட்டு, இங்கே உங்களை யாரும் எடைபோட மாட்டார்கள் என்றார். சர்க்கரைக்காக என்று நான் சொன்னதை ஏதோ புதுப் போதைப்பொருளின் செல்லப் பெயர் என்று எடுத்துக்கொண்டார் என நினைக்கிறேன். திரும்பும்போது என் கையில் புது ஊசிகள் அடங்கிய பையும், மறுவாழ்வு பற்றிய ஒரு பிரசுரமும் இருந்தன.

என் மகளுக்கு வீட்டில் நடப்பது எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தோம். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் ஆங்கிலத்தில், அப்பா, எத்தனை வாரம் ஆச்சு, ஆறு வாரத்துக்கு முன்னால் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள் என்றாள். பள்ளிக்கூடத்தில் பாடமாம். அவளுக்குத் தமிழில் இட்லி, தண்ணி, போதும் என்ற மூன்று சொற்கள்தான் சரளமாக வரும். அம்மாவைப் பார்த்து மூன்றாவதைச் சொன்னாள்.

வசந்தி மாறவில்லை. கத்தவும் இல்லை. காலையில் என் மாத்திரையையும் தண்ணீரையும் மேஜையில் வைப்பாள், வேலைக்குப் போய்விடுவாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். தினமும் அது நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும்.

6

ஹாலில் படுத்து முதுகு பிடித்துக்கொண்டதால் மாமனார் சில நாள் நடக்கப் போகவில்லை. பிறகு போனபோது செல்வராஜ் விசாரித்திருக்கிறார். மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டு விவகாரம் முழுவதையும் கொட்டியிருக்கிறார், அங்கே மாப்பிள்ளை பாடும் இதுதான் என்றும் சொல்லியிருக்கிறார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

செல்வராஜ் எழுந்தார். தன் வீட்டுக்குப் போகவில்லை. மாமனார் பின்னாலேயே வர, நேராக மாடியேறிப் போய் அழைப்பு மணியை அடித்தார். அடுத்து நடந்ததை மாமனார் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். செல்வராஜ் உட்காரவில்லையாம். செருப்பைக்கூட வாசலுக்கு வெகு தூரத்தில் கழற்றினாராம், திரும்பி ஓடப்போகிறவர் மாதிரி.

"அம்மா, உன் ஊட்டுக்காரு மேலயும் மாப்ள மேலயும் ஒரு தப்பும் கெடியாது. எனக்குத்தான் எச்.ஐ.வி. கீது. அந்த ஊசி அன்னிக்கு மொதல்ல என்னைத்தான் குத்துச்சு. நான் வாணாம்னேன், சார் கேக்கல. மாப்ளைக்கு அன்னிக்கே தெரியும். என் பேரச் சொல்லி அது வாயத் தொறக்கல. பொண்ணுக்கு போன் போடு, அதுக்கும் நானே சொல்றேன்."

அத்தை மாமனார் பக்கம் திரும்பினாராம்.

"வேணாம்னு சொன்ன மனுஷனக் கையப் புடிச்சு இழுத்தா குத்துனீங்க?"

அதோடு முதல் குற்றச்சாட்டு தள்ளுபடியாகி, இரண்டாவது பதிவானது. பாய் இன்னும் ஒரு வாரம் ஹாலிலேயே கிடந்தது. செல்வராஜை உட்காரவைத்து, வெறும் வயிற்றோடு போக வேண்டாம் என்று அத்தை இட்லி வைத்தார். அவர் தயங்கித் தயங்கி, தட்டு வேண்டாம், இலை இருந்தால் போதும் என்றாராம். வீட்டில் இலை இல்லை என்று அத்தை சொன்னார். காலையில்தான் ஒரு கட்டு வாங்கி ஃப்ரிஜ்ஜில் வைத்திருந்தார்.

இங்கே வசந்தி, செல்வராஜ் பேசிய அந்த அழைப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"அன்னைக்கே அவர் பேரச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உனக்குச் சொன்னா உங்கம்மாவுக்குச் சொல்லுவ. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொரட்டூர் ஸ்டேஷன்ல மைக்ல சொன்ன மாதிரி."

மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். யோசித்துவிட்டு மூடிக்கொண்டாள். பெயர் சொல்லாமலே நம்பியிருக்கலாமே என்று நான் கேட்க நினைத்தேன். தனியாக மூன்று வாரம், இரண்டு பொட்டலம், 'எந்த மிஷின்மா'. அவள் இடத்தில் நான் இருந்தால் என்னை நானே நம்பியிருக்க மாட்டேன். கேட்கவில்லை.

7

ஆறாவது வாரம் நெகட்டிவ். மாமனாருக்கும் அப்படியே. இந்தத் தடவை அவர் ஜிலேபி பேச்சை எடுக்கவில்லை. இன்னும் மூன்று மாதக் கணக்கு பாக்கி இருக்கிறது என்று எனக்கே பாடம் நடத்தினார்.

ஜனவரியில் கடைசிப் பரிசோதனைக்கு வசந்தியும் கூட வந்தாள். தாதி அவளிடம், உங்கள் கணவர் அந்தக் கூட்டாளிகளை விட்டுவிட்டாரா என்று கேட்டார். அவர்களில் ஒருவர் என் அப்பா என்றாள் வசந்தி. நாலு நாள் கழித்து சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. நெகட்டிவ். காமாலைக் கிருமிகளும் இல்லை. வசந்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு நேரம் நின்றிருந்தது அவளுக்கே தெரியவில்லை.

"அப்பாவுக்குப் போன் பண்ணட்டா?" என்றாள்.

"இரு" என்று சொல்லி நான் செல்வராஜை அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது. எடுத்ததும் ஏரிக்கரைக் காக்கைகள்தான் முதலில் கேட்டன.

"முடிவு வந்துடுச்சு. ஒண்ணும் இல்ல. இனிமே டெஸ்டும் இல்ல" என்றேன்.

இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. மூச்சு மட்டும் கேட்டது, பெரிய உடம்புக்காரர் விட்டு விட்டு இழுக்கும் மூச்சு. அந்த மூன்று மாதமும் பயந்துகொண்டிருந்தது நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். வசந்தி போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி நைனா, போன வையி. மாத்திரை டைம் ஆச்சு."